முப்பத்திரண்டு புள்ளிகளால் தோற்றவர்கள்

"பந்தடிச்சு என்ன காணப் போறாள், தங்கச்சி?"

2024ஆம் ஆண்டு, கிளிநொச்சி மாவட்டத்து மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் நாற்பது வயதுத் தாய். 2009இல் கணவனை இழந்தவர். அப்போது மகளுக்கு மூன்று மாதம். இன்று அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, சந்தியிலுள்ள இரண்டு கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார். மாலையில் மா வறுத்து அரித்து வைப்பதும், தேங்காய் உரித்து வைப்பதும் மகளின் வேலை.

அந்த மகள் பாடசாலையின் வலைப்பந்தாட்ட அணிக்குத் தெரிவாகியிருந்தாள். வலயமட்டப் போட்டிக்கு ஒரு மாதம் பின்னேரப் பயிற்சி. தாய் மறுத்துவிட்டார். விளையாட்டு ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் அந்த அம்மாவோடு ஒருக்கால் கதைத்துப் பாருங்கோ" என்று கேட்டுக்கொண்டதனாலேயே நான் அங்கு போயிருந்தேன்.

தாய் சொன்ன காரணங்கள் எதையும் என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. பயிற்சி முடிய ஐந்தரை மணியாகும், அதற்குப் பிறகு பஸ் இல்லை. சப்பாத்துக்குக் காசில்லை. பிள்ளை மைதானத்தில் நின்றால் வீட்டில் மா அரிக்க ஆளில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை பொழுதுபட வீட்டுக்கு வந்தால் ஊர்வாய் சும்மா இருக்காது. கடைசியாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பந்தடித்து என்ன காணப்போகிறாள்?

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் பெண்களும் விளையாட்டும், பால்நிலைச் சமத்துவம் என்று பல விடயங்களைச் செயலமர்வுகளில் பேசியிருக்கிறேன். அன்று அவை ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தத் திண்ணையில் இருந்து மா அரிப்பதற்குக் கைகொடுத்தபடி, எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். உண்மையாக நடந்த கதை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தின் பின், 2011இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் மூலம் அது எனக்கு அறிமுகமாயிற்று. திரைப்படம் என்பதால் சிலவற்றைக் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருந்தார்கள். பின்னர் தேடி வாசித்து அறிந்துகொண்டதையே அந்தத் தாய்க்குச் சொன்னேன். அதையே வாசகியராகிய உங்களுக்கும் இங்கே தருகிறேன்.

பந்தும் கோடுகளும்

எங்கள் பிள்ளைகள் விளையாடும் வலைப்பந்தாட்டத்தின் தாய், கூடைப்பந்தாட்டம். ஐக்கிய அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், 1891ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதனை உருவாக்கினார். குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் இளைஞர்களை விளையாட வைப்பதற்கு வழி தேடிய அவர், பழங்கள் போடும் இரண்டு கூடைகளை உயரத்தில் கட்டி, அதற்குள் பந்தைப் போடும்படி சொன்னார்.

அடுத்த வருடமே பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே மாநிலத்திலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெறன்சன் என்ற இளம் ஆசிரியை, லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், தன் மாணவியருக்கு இதனைக் கற்பித்தார். ஆனால் பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது, முரட்டுத்தனம் வந்துவிடும் என்ற பயம் அக்காலத்தில் இருந்தது. அதனால் அவர் மைதானத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு மற்றப் பகுதிக்கு ஒருத்தி ஓடக்கூடாது. மற்றவளின் கையிலுள்ள பந்தைப் பறிக்கவும் கூடாது.

இந்தக் கோடுகள் இங்கிலாந்துக்கும் போயின. அங்கு பெண்களுக்கென்று தனி விளையாட்டாக வளர்ந்து, 1901இல் விதிகள் வகுக்கப்பட்டு, அதுவே வலைப்பந்தாட்டமாக ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பரவியது. இன்றும் வலைப்பந்தாட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் நிற்க வேண்டிய எல்லை உண்டல்லவா? அதன் தொடக்கம் இதுதான்.

அமெரிக்காவில் பெண்களின் கூடைப்பந்தாட்டத்தில் மூன்று பகுதிகள் பின்னர் இரண்டாயின. நடுக்கோட்டின் ஒரு பக்கம் தாக்குபவர்கள், மறுபக்கம் காப்பவர்கள். ஐந்து பேர் கொண்ட அணி, ஆண்களைப் போல மைதானம் முழுவதும் ஓடி விளையாடலாம் என்ற விதி 1971இல்தான் நிலைபெற்றது. அதாவது ஒரு கோட்டைக் கடப்பதற்குப் பெண்களுக்கு ஏறத்தாழ 80 வருடங்கள் எடுத்திருக்கின்றன.

நான் சொல்ல வந்த கதை, அந்தக் கோடு அழிக்கப்பட்டவுடன் நடந்த முதலாவது பருவகாலத்தின் கதை.

எரிந்த மண்டபம், எரிந்த வீடு

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே, இம்மாகுலேட்டா கல்லூரி இருக்கிறது. எங்கள் நாட்டுக் கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு விளங்கும்படி சொன்னால் அமலோற்பவ மாதா கல்லூரி. அருட்சகோதரிகள் 1920இல் தொடங்கி நடத்திய சிறிய மகளிர் கல்லூரி. பணக்காரக் கல்லூரி அல்ல.

1967இல் அக்கல்லூரியின் விளையாட்டு மண்டபம் தீப்பிடித்து எரிந்துபோனது. உடனே வேறொன்று கட்டப் பணம் இருக்கவில்லை. மாணவியர் கன்னியர் மடத்துக்குரிய ஒரு சிறு மண்டபத்தில் பயிற்சி செய்தார்கள்.

1970இல் அவர்களுக்கு ஒரு புதிய பயிற்றுநர் வந்தார். பெயர் கேத்தி றஷ். அப்போது அவருக்கு 23 வயதுதான். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வந்த இளம் மனைவி. அவருடைய கணவர் ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் மத்தியஸ்தராக இருந்தவர். கேத்தி றஷ்ஷுக்குக் கல்லூரி கொடுத்த சம்பளம் வருடத்துக்கு 450 டொலர். அந்தக் காலத்துக்குங்கூட அது சம்பளம் என்று சொல்லத்தக்க தொகை அல்ல. பெண்கள் விளையாட்டுக்கு அன்று கொடுக்கப்பட்ட மதிப்பு அவ்வளவுதான்.

அணியில் உயரமான ஒரு பெண் இருந்தாள். பெயர் திரேசா ஷாங்க். அவள் வேறொரு கல்லூரிக்குப் போவதாக இருந்தவள். அந்த நேரம் பார்த்து அவளுடைய குடும்பம் குடியிருந்த வீடு எரிந்துபோனது. அந்த நிலையில் குடும்பத்தை விட்டுத் தூரத்துக்குப் போக அவளால் முடியவில்லை. வீட்டிலிருந்து போய் வரக்கூடிய கல்லூரியாக இம்மாகுலேட்டாவைத் தெரிந்தெடுத்தாள்.

இந்த இடத்தில் அந்தத் தாய் அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு, "வீடு முழுக்க எரிஞ்சதோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா, முழுக்க" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எங்களில் யாருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டும்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய இழப்பும் எங்களுடைய இழப்பும் ஒன்றல்ல. அங்கு யுத்தம் நடக்கவில்லை. தீயணைக்க ஆட்கள் வந்தார்கள், அயலவர்கள் இருந்தார்கள். எங்கள் துன்பத்தோடு அதைத் தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் இல்லாததை வைத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்ற கேள்வி, அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவானது.

எழுபதுக்கு முப்பத்தெட்டு

1971-72 பருவகாலம் தொடங்கியது. கேத்தி றஷ் தன் பிள்ளைகளைக் கடுமையாகப் பழக்கினார். எதிரணி பந்தை எடுத்த இடத்திலேயே மறிப்பது, எடுத்த பந்தோடு வேகமாக ஓடுவது போன்ற, ஆண்களின் ஆட்டத்தில் கையாளப்பட்ட உத்திகளைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பெண்களுக்கு இது ஏலுமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை.

அணியினர் அணிந்தது கம்பளியில் தைத்த பழைய மாதிரிச் சட்டை. அதில் ஆளுக்கு ஒன்றுதான். சொந்த மண்டபம் இல்லாததால் ஆட்டங்களுக்கு மற்றவர்களின் மைதானங்களுக்கே போனார்கள். ஆனாலும் ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக வென்றார்கள்.

பார்வையாளர் வரிசையில் அருட்சகோதரிகள் தங்கள் கன்னியர் உடையோடு வந்து உட்கார்ந்தார்கள். வீராங்கனை ஒருத்தியின் தகப்பனார் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். அவர் கடையிலிருந்து தகர வாளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சிஸ்ரர்மார் அந்த வாளிகளைத் தடியால் அடித்து ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சத்தத்தில் எதிரணிகள் திகைத்துப்போனதாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு அந்தத் தாயின் மகள் குசினிக்குள் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. பிள்ளை ஒளித்து நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வருடம்தான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான புதிய தேசிய விளையாட்டுச் சங்கம் தன் முதலாவது கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டியை ஒழுங்குசெய்திருந்தது. அதற்குப் போவதற்கு முன்னர் தங்கள் பிராந்தியச் சுற்றில் விளையாட வேண்டும். அங்கு இம்மாகுலேட்டா அணியை வெஸ்ற் செஸ்ரர் கல்லூரி எதிர்கொண்டது. சில மைல் தூரத்திலுள்ள பெரிய அரச கல்லூரி. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இடம். கேத்தி றஷ் படித்ததும் அங்குதான்.

ஆட்டம் முடிந்தபோது வெஸ்ற் செஸ்ரர் 70, இம்மாகுலேட்டா 38. முப்பத்திரண்டு புள்ளிகளால் தோல்வி. கொஞ்சநஞ்சத் தோல்வி அல்ல. இதைவிட அவமானமாக ஒரு நல்ல அணி தோற்க முடியாது.

ஆனாலும் தேசியப் போட்டிக்குப் போகும் தகுதி அவர்களுக்கும் கிடைத்திருந்தது. 16 அணிகள் போகின்றன. தர வரிசையில் இம்மாகுலேட்டாவுக்குக் கிடைத்த இடம் 15.

எட்டுப் பேருக்கே பயணம்

போட்டி நடக்கும் இடம் இலினோய் மாநிலத்தின் நோர்மல் என்ற நகரம். விமானத்தில் போக வேண்டிய தூரம். கல்லூரியில் அதற்குப் பணமில்லை. மாணவியர் வீடு வீடாகப் பிறஷ் விற்றார்கள். ஆம், பல் விளக்கும் பிறஷ்தான்! அப்படிச் சேர்த்த பணத்தோடு, கிடைத்த உதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் போதவில்லை. எட்டுப் பேரை மட்டுமே அழைத்துப் போக முடிந்தது. மற்றவர்கள் வீட்டில் நின்றார்கள்.

அந்த எட்டுப் பேருக்கும் உறுதியான ஆசனம் இல்லை. முன்பதிவு செய்தவர் யாராவது வராமல் விட்டால் அந்த ஆசனத்தில் ஏறலாம் என்ற மலிவுச் சீட்டு. போய்ச் சேர்ந்த இடத்தில், மாற்றுச் சட்டை இல்லாததால் ஒவ்வொரு நாளும் இரவு தங்குமிடத்தின் கைகழுவும் தொட்டியில் சட்டையைத் தோய்த்துக் காயவிட்டு, அடுத்த நாள் அதையே போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

தெற்கு டகோட்டாவிலிருந்து வந்த அணியை வென்றார்கள். இந்தியானாவிலிருந்து வந்த அணியை வென்றார்கள். அரையிறுதியில் மிசிசிப்பி மகளிர் கல்லூரி அணியை வென்றார்கள். 1972 மார்ச் 19ஆம் திகதி இறுதி ஆட்டம். எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? வெஸ்ற் செஸ்ரர். ஒரு கிழமைக்கு முன்னர் 32 புள்ளிகளால் தோற்கடித்த அதே அணி.

இம்முறை முடிவு: இம்மாகுலேட்டா 52, வெஸ்ற் செஸ்ரர் 48.

அந்தப் பருவகாலத்தில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 25. வென்றவை 24. தோற்றது அந்த ஒன்றில் மாத்திரமே. அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் புதிய தேசியப் போட்டியில் முதலாவது சம்பியன், விளையாட்டு மண்டபம் இல்லாத ஒரு சிறிய கல்லூரி.

ஒரு கிழமைக்குள் 32 புள்ளி இடைவெளி எப்படி இல்லாமல் போனது? அந்தப் பிள்ளைகள் திடீரென்று கெட்டிக்காரர்களாக மாறியிருக்க முடியாது. பருவம் முழுவதும் வென்றவர்கள் அவர்கள். அந்த ஒரு நாளைத் தங்களுடைய முழு அளவாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

பின்னர் நடந்தவை

1973இலும் 1974இலும் அதே கல்லூரி சம்பியன் ஆகியது. 1975 பெப்ரவரி 22ஆம் திகதி நியூயோர்க்கின் புகழ்பெற்ற மடிசன் ஸ்குவயார் கார்டன் அரங்கில் முதன்முறையாகப் பெண்கள் கல்லூரி ஆட்டம் ஒன்று நடந்தபோது, ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று இம்மாகுலேட்டா. ஏறத்தாழ 12,000 பேர் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள்.

1972 யூன் 23ஆம் திகதி, அதாவது அந்த முதல் வெற்றிக்கு மூன்று மாதங்களின் பின், அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பெண் என்ற காரணத்தால் எவரையும் ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வரத் தொடங்கியதற்கு அது முக்கிய காரணம்.

இதில் ஒரு முரணும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து அணி கட்டத் தொடங்கிய பின், இம்மாகுலேட்டா போன்ற சிறிய கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1975இலும் 1976இலும் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 1977இல் கேத்தி றஷ் விலகினார். அந்தக் கல்லூரி பிறகு ஒருபோதும் அந்த உச்சியை எட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டவர்கள் அதன் வழியே அதிக தூரம் போகவில்லை.

ஆனால் அந்த மாணவியர் போனார்கள். வீடு எரிந்த திரேசா ஷாங்க், திருமணத்தின் பின் திரேசா கிறென்ட்ஸ், தானும் பயிற்றுநராகி, 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியை வழிநடத்தி வெண்கலப் பதக்கம் பெற்றுக்கொடுத்தார். 1972இன் பின் அணியில் சேர்ந்த மரியான் கிறோஃபோட் என்பவரும் பேர்பெற்ற பயிற்றுநரானார். 2008இல் கேத்தி றஷ்ஷையும், 2014இல் அந்த அணி முழுவதையும், கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவரின் பெயரால் ஸ்பிறிங்ஃபீல்டில் உள்ள புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். முதல் வெற்றிக்கு 42 வருடங்களின் பின்!

பொலித்தீன் பை

கதை முடிய நன்றாக இருட்டிவிட்டது. தாய் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொலித்தீன் பை. இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை. ஓடும்போது எதை விட்டாலும் அதை விடமாட்டோம். அவற்றுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து என் கையில் தந்தார். மடிப்புகளில் கிழிந்து, ஓரத்தில் தண்ணீர் பட்ட அடையாளம்.

வலைப்பந்தாட்டம், வலயமட்டம், இரண்டாம் இடம். அவருடைய கன்னிப் பெயர் எழுதப்பட்டிருந்தது.

"நான் சென்ரர் விளையாடினனான்," என்றார். "இவளுக்குச் சொன்னதில்லை."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சிறிது நேரத்தின் பின் அவரே சொன்னார். "இதைச் சொன்னா, மற்றதெல்லாம் சொல்ல வேண்டி வரும், தங்கச்சி."

ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்த காலத்தையும் அவளிடமிருந்து யுத்தம் எடுத்துக்கொண்டுவிடுகிறது என்பதை நான் படித்திருக்கிறேன். அதை அன்று நேரில் கண்டேன். துக்கத்துக்கு வாசல் திறந்துவிடும் என்ற பயத்தில், நல்ல நினைவுகளுக்கும் சேர்த்துக் கதவைப் பூட்டிவிடுகிறோம்.

மகள் வாசலில் வந்து நின்றாள். கடதாசியை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "அம்மா, நீங்கள் சென்ரரோ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து நடந்தவற்றை அற்புதம் என்று எண்ணிவிட வேண்டாம். சின்னச் சின்ன ஒழுங்குகள்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விடயத்தைக் கதைத்தோம். அயலிலுள்ள இரண்டு பெண்கள் அந்த ஒரு மாதமும் மாறி மாறி வந்து மா அரித்துக் கொடுக்க முன்வந்தார்கள். அதே திசையில் போகும் நான்கு பிள்ளைகளின் தாய்மார் முறைபோட்டு, ஆளுக்கொரு நாள் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் சேர்ந்து வருவதைக் கண்டு ஊர் என்ன சொல்ல முடியும்? சப்பாத்துக்கு முந்தைய வருட அணியில் இருந்த ஒரு மாணவி தன்னுடையதைக் கொடுத்தாள். சற்றுப் பெரிது. முன்னுக்குத் துணி வைத்துப் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் என்ன செய்யலாம்?

இம்மாகுலேட்டா அணியின் கதையைத் தனி மனிதர்களின் வீரமாக நான் பார்க்கவில்லை. எரிந்த மண்டபத்துக்குப் பதிலாக மடத்து மண்டபத்தைக் கொடுத்தார்கள். குறைந்த சம்பளத்துக்கும் கற்பிக்க ஒரு பெண் முன்வந்தார். வாளி தட்ட மூத்த பெண்கள் இருந்தார்கள். ஒரு தகப்பன் தன் கடைப்பொருளைக் கொடுத்தார். போட்டியிட ஒரு களம் திறந்தது. பிறகு சட்டமும் வந்தது. இவ்வளவும் சேர்ந்தே எட்டுப் பிள்ளைகளை அந்த மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தின. ஒரு பிள்ளை விளையாட வேண்டுமானால், அவளைச் சுற்றியுள்ளவர்கள் ஆளுக்கொரு சிறு பாரத்தைத் தூக்க வேண்டும்.

எங்கள் கிராமங்களிலும் இது முடியும். வலைப்பந்தாட்டத்துக்கு ஓர் அணியில் ஏழு பேர் போதும். 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட சமமான நிலம். இரண்டு கம்பங்கள். 10 அடி உயரத்தில், 15 அங்குல உள்விட்டமுள்ள இரும்பு வளையங்கள். ஒட்டு வேலை தெரிந்தவர் ஊரிலேயே செய்து தருவார். பந்துக்கும் பயிற்சிக்கும் உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் சங்கத்தின் பெயரால் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். நிலம் எடுப்பதற்கு முன் அது கண்ணிவெடி அகற்றிய நிலமா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் விளையாடலாம். என்னிடம் வரும் சகோதரிகள் பலர் நித்திரையில்லை, இடுப்பு நோ, நெஞ்சுக்குள் அடைப்பு என்று சொல்கிறார்கள். நாள் முழுவதும் வேலை செய்யும் உடம்புதான். ஆனால் வேலைக்காக அசைவது வேறு, தனக்காக அசைவது வேறு. கிழமைக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் கூடி ஓடி விளையாடினால் நித்திரையும் மனமும் சற்று இலேசாகும். உடம்புக்குள் குண்டுச் சிதறல் உள்ளவர்களும், காயப்பட்ட எலும்பு உள்ளவர்களும், இருதய வருத்தம், அழுத்தம் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓட முடியாதவர்கள் புள்ளி எழுதலாம், விசில் ஊதலாம். வாளி தட்டவும் ஆள் வேண்டுமல்லவா?

யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2.08 மீற்றர் உயரம். அந்த உயரத்துக்காகச் சிறுவயதில் கேலி செய்யப்பட்டவர். அதே உயரத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடினார். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியச் சம்பியன் ஆனபோது அந்த அணியில் அவரும் இருந்தார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. போகக்கூடிய பாதை அவர்களுக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முடிவில்

வலயமட்டப் போட்டிக்கு அந்தத் தாயும் போயிருந்தார். அன்று கடைக்காரர்களிடம் இடியப்பம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டிருந்தார். நானும் போனேன்.

எங்கள் பிள்ளைகள் வெல்லவில்லை. முதல் ஆட்டத்தில் ஒருவாறு தப்பினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் நகரப் பாடசாலை அணியிடம் 18க்கு 4 என்று தோற்றார்கள். அந்த மகள் முழங்கால் உரசிய காயத்தோடு மரநிழலில் போய்க் குனிந்திருந்து அழுதாள். நான் ஆறுதல் சொல்லப் போக எழும்பினேன். அதற்குள் தாய் போய்விட்டார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காயத்தைக் கழுவிவிட்டார். தான் பிடித்துக் காட்டுவதுபோல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து, பந்தை எந்த இடத்தில் விட்டாள் என்று ஏதோ சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எழுபதுக்கு முப்பத்தெட்டு எண்டு தோத்தவளவை, பிள்ளை. நீங்கள் பதினாலுதானே."